கேரம் ஆடினால் சரி... கேம் ஆடினால் தப்பா?

*செல்போனும் கையுமாக உட்காரும் பிள்ளைகளை ஊரே திட்டுகிறது. அந்த ஆட்டத்துக்குள் வளரும் நட்பை எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?*

இரவு பத்து மணி. விருதுநகர் மாவட்டத்தின் ஒரு சிறு ஊரில் ரேஷன் கடை ஷட்டர் இறங்கி வெகுநேரமாகிவிட்டது. அதன் படிக்கட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவர் கையிலும் செல்போன் குறுக்கே படுத்திருக்கிறது. கட்டை விரல்கள் மட்டும் ஓயாமல் ஓடுகின்றன.

“டேய், நான் நாக்! மரத்துக்குப் பின்னாடி கெடக்கேன். வந்து ரிவைவ் குடுறா!”

“இருடா, ஸ்மோக் போட்டுட்டு வர்றேன். அசையாத.”

“ஜோன் வந்துக்கிட்டே இருக்கு மாப்ள, சீக்கிரம்!”

கடைசிக் குரல் படிக்கட்டிலிருந்து வரவில்லை. அதற்குச் சொந்தக்காரன் ஒரு ராத்திரிப் பஸ் பயணத் தூரத்தில், ஒரகடத்தில் இருக்கிறான். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பகல் ஷிப்ட் முடிந்து, ஆறு பேர் தங்கும் அறையில், இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி ஆடுகிறான். மேட்ச் முடிந்தது. ஜெயிக்கவில்லை, ஏழாவது இடம். ஆனால் யாரும் லைனை விட்டுப் போகவில்லை. “ஒங்கப்பாவுக்குக் கால் கட்டுப் பிரிச்சாச்சா?” என்று ஒரகடத்துக் குரல் கேட்கிறது. அடுத்த கால்மணி நேரம் அந்தக் கால், ஊர்ப் பொங்கலுக்கு லீவு கிடைக்குமா, யாருக்கு நிச்சயமாகியிருக்கிறது என்று பேச்சு நீள்கிறது.

அந்த வழியாக வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்க்கிறார். “படிச்ச படிப்பு என்ன, உக்காந்திருக்கிற லட்சணம் என்ன... உருப்படுங்கடா” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார். மூவரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை.

இதே மூவர் ஒரு குண்டு பல்பின் கீழே கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் அந்தப் பெரியவர் திட்டியிருக்க மாட்டார். நின்று ஒரு போர்டு பார்த்துவிட்டு, “சிவப்பை எடுடா முதல்ல” என்று யோசனையும் சொல்லியிருப்பார். இரண்டுக்கும் நடுவே அப்படி என்ன வேறுபாடு? அந்த இளைஞர்கள் தலை குனிய என்ன குற்றம் செய்தார்கள்?

கல்தரையில் தொடங்கிய ஆட்டம்

தமிழ்நாட்டின் பழைய கோயில்களில் மண்டபத் தரையை உற்றுப் பாருங்கள். பல இடங்களில் ஆடுபுலி ஆட்டக் கட்டங்கள் கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கும். சாமி கும்பிட வந்த இடத்தில் உட்கார்ந்து ஆடியிருக்கிறார்கள். தாயமும் பல்லாங்குழியும் வீட்டுக்குள் இருந்தன. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்குப் பரமபதம் என்ற ஆட்டத்தையே வைத்திருந்த சமூகம் நாம். கூடி உட்கார்ந்து ஆடுவதை வீண்வேலை என்று நினைத்தவர்கள் அல்ல.

ஆனால் புதிதாக எது வந்தாலும் முதலில் ஏச்சுதான். சினிமாவுக்குப் போவது கெட்டுப்போவது என்றிருந்தது. தொடர்கதை படிக்கும் பெண்ணை வீட்டில் கண்டித்தார்கள். கேரம் கிளப் பக்கம் போகிறவனுக்கும் நல்ல பெயர் கிடையாது. அந்தக் கேரம் போர்டிலிருந்துதான் வடசென்னையின் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா எழுந்து வந்தார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கியது.

செஸ் கதை எல்லோருக்கும் தெரியும். 1961-ல் மானுவல் ஆரன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். அந்த செஸ்ஸும் இப்போது திரைக்குள் நுழைந்துவிட்டது. 2025-ல் ரியாதில் நடந்த இஸ்போர்ட்ஸ் (கேம் போட்டிகள்) உலகக் கோப்பையில், துப்பாக்கி கேம்களோடு செஸ்ஸையும் ஒரு போட்டியாகச் சேர்த்தார்கள். வென்றவர் மேக்னஸ் கார்ல்சன்.

செல்போன் கேம் இங்கே இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இரண்டு காரணங்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரையில் இறக்கியது. 2020-ல் கொரோனா வந்து, ‘ஆன்லைன் வகுப்பு’ என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தது. தெருவில் ஆடக் கூடாது, நண்பன் வீட்டுக்குப் போகக் கூடாது என்றிருந்த மாதங்களில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே மைதானம் அந்தத் திரை. அப்போது உலக சுகாதார நிறுவனமே கேம் கம்பெனிகளோடு சேர்ந்து, ‘விலகியிருந்து சேர்ந்து விளையாடுங்கள்’ என்ற பிரசாரத்துக்கு ஆதரவு தந்தது.

---
பெட்டிச் செய்தி: தடையும் அங்கீகாரமும்

● 2020 செப்டம்பர்: பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை.
● 2021 ஜூலை: பப்ஜியின் இந்தியப் பதிப்பாக பிஜிஎம்ஐ வெளியீடு. 2022 ஜூலையில் அதுவும் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கம். 2023 மே மாதம் மறுபடி வருகை.
● 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இஸ்போர்ட்ஸ் கண்காட்சிப் போட்டி. இந்தியாவின் தீர்த் மேத்தாவுக்கு வெண்கலம். அடுத்த ஆசிய விளையாட்டில், ஹாங்சோவில், அது பதக்கப் போட்டியாகவே நடந்தது.
● 2022 டிசம்பர்: இஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது மத்திய அரசு.
---

பதக்கப் பட்டியலைக் காட்டி மரியாதை கேட்பது என் நோக்கமில்லை. தெருமுனையில் கேரம் ஆடியவர்களில் லட்சத்தில் ஒருவர்கூட உலகக் கோப்பைக்குப் போகவில்லை. ஆனாலும் அவர்கள் ஆடியது வீணில்லை. பதக்கம் வாங்கிய பிறகு தருகிற மரியாதை பதக்கத்துக்குத்தான் போகிறது. ஏழாவது இடம் பிடித்துவிட்டு நண்பனின் அப்பா காலைப் பற்றி விசாரிக்கிற ஆட்டத்துக்கு என்ன மதிப்பு என்பதே இங்கே கேள்வி.

மகன் போன பிறகு வந்த கடிதங்கள்

இந்தக் கேள்விக்கு நார்வேயில் ஒரு குடும்பம் பெரிய விலை கொடுத்துப் பதில் தெரிந்துகொண்டது.

ஆஸ்லோவைச் சேர்ந்த மேட்ஸ் ஸ்டீனுக்குப் பிறவியிலேயே டுஷேன் என்ற தசைச் சிதைவு நோய். சக்கர நாற்காலி, பிறகு சுவாசக் கருவி என்று உடல் ஒவ்வொன்றாகக் கைவிட்டது. கடைசியில் விரல்கள் மட்டும் அசைந்தன. அந்த விரல்களால் அவர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடினார். வாழ்க்கையின் கடைசிப் பத்து ஆண்டுகளில் 15,000 முதல் 20,000 மணி நேரம் அந்த கேமுக்குள் இருந்தார் என்பது குடும்பத்தின் கணக்கு. 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தார்.

மகனுக்கு நண்பர்கள் அமையவில்லை, காதல் வாய்க்கவில்லை, யாருக்கும் பயன்படாமலே போய்விட்டான் என்று பெற்றோர் அழுதார்கள். அவன் எழுதிவந்த வலைப்பதிவின் கடவுச்சொல் அவர்களிடம் இருந்தது. அதில் மரணச் செய்தியை அப்பா எழுதினார். பதிலாக மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து, முகம் தெரியாதவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவர்களுக்கு மேட்ஸைத் தெரியாது. கேமுக்குள் அவன் ஆடிய ‘இபெலின்’ என்ற கதாபாத்திரத்தைத் தெரியும். ஸ்டார்லைட் என்ற குழுவில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் அவனோடு ஆடியவர்கள்.

நெதர்லாந்துச் சிறுமி ஒருத்தியின் கம்ப்யூட்டரை, கேம் ஆடிக் கெட்டுப்போகிறாள் என்று பெற்றோர் பறித்துக்கொண்டார்கள். மேட்ஸ் அந்தப் பெற்றோருக்கே கடிதம் எழுதிப் பேசிப் பார்த்திருக்கிறார். டென்மார்க்கில் ஒரு தாய்க்கும் ஆட்டிசம் உள்ள மகனுக்கும் ஒரே வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. மகன் ஆடுகிற கேமுக்குள்ளேயே போய் அவனோடு பேசிப் பாருங்கள் என்று அந்தத் தாய்க்கு வழி சொன்னவர் மேட்ஸ். அப்படித்தான் அந்த இருவருக்கும் இடையே பேச்சு திரும்பியது. மேட்ஸ் கோபப்பட்டதும் உண்டு, தன் நோயை நெடுநாள் மறைத்ததும் உண்டு. குழு அவரை விட்டுவிடவில்லை. இறுதிச் சடங்குக்குப் பல நாடுகளிலிருந்து புறப்பட்டு வந்து நின்றார்கள்.

‘தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்’ என்ற பெயரில் 2024-ல் வந்த ஆவணப்படம் இந்தக் கதையைச் சொல்கிறது. கேம் ஆடும் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் பார்க்க வேண்டிய படம். மேட்ஸின் பெற்றோர் பாசமில்லாதவர்கள் அல்ல; மகனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தவர்கள். அவன் எதில் வாழ்கிறான் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாமல் போனது.

சூதை இதோடு சேர்க்காதீர்கள்

“ரம்மியில் பணத்தை விட்டுத் தூக்கில் தொங்கினார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?” என்று வாசகர் கேட்பது நியாயம். தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று 2023-ல் சட்டமன்றத்திலேயே பேசப்பட்டது. இதை ஆராய்ந்த நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு மாநில அரசு 2022-ல் தடை மசோதா கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் அது சட்டமானது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது; ரம்மியும் போக்கரும் அந்தத் தடைக்குள் வராது என்றும் சொன்னது.

பிறகு மத்திய அரசு இறங்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. அவற்றை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாயை மக்கள் இதில் இழப்பதாக அரசுத் தரப்பு சொன்னது. கம்பெனிகள் இந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போயின.

பலர் கவனிக்காத ஒன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. இஸ்போர்ட்ஸையும், பணப் பந்தயம் இல்லாத சமூக விளையாட்டுகளையும் அது தனியே பிரித்து, இவற்றை வளர்க்க வேண்டும் என்கிறது. சூது வேறு, ஆட்டம் வேறு என்று நாட்டின் சட்டமே கோடு போட்டுவிட்டது. நம் வீடுகளில் இன்னும் அந்தக் கோடு விழவில்லை. ரம்மியில் வீட்டை அடகு வைத்தவரையும், தம்பியோடு மைன்கிராஃப்ட்டில் வீடு கட்டுகிற பத்து வயதுச் சிறுமியையும் ஒரே வாயால் திட்டுகிறோம்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் சுத்தம் என்று சொல்ல நான் தயாரில்லை. இலவச கேம் என்று உள்ளே இழுத்து, உடைக்கும் துப்பாக்கிக்கும் யூசி வாங்கு, டைமண்ட் வாங்கு என்று கேமுக்குள் செல்லும் காசை விற்று பிள்ளைகளின் ஆசையைக் கறக்கிறார்கள். என்ன வரும் என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கிற பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018-லேயே சொல்லிவிட்டது. இந்தியாவும் அதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். அப்பாவின் கார்டு கேமோடு இணைந்திருக்கிற வீட்டில் இன்றே அதைப் பிரித்துவிடுங்கள்.

---
பெட்டிச் செய்தி: எப்போது அது நோய்?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘கேமிங் கோளாறு’ இருக்கிறது. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதிக நேரம் ஆடுவது மட்டுமே நோய் ஆகிவிடாது. பார்க்க வேண்டியவை:

● ஆடுவதை நிறுத்த முடியாத நிலை
● சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுவது
● பாதிப்பு தெரிந்தும் தொடர்வது

இவை பொதுவாக 12 மாதங்கள் நீடிக்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ‘ஷட்’ கிளினிக் இயங்குகிறது. மனநல ஆலோசனைக்கு 14416. சைபர் மோசடிக்கு 1930. குழந்தைகள் உதவிக்கு 1098.
---

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 39,000 பேரின் ஆட்ட நேரத்தை கேம் கம்பெனிகளிடமிருந்தே வாங்கி ஆராய்ந்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். எத்தனை மணி நேரம் ஆடினார்கள் என்பதற்கும் மனநலத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு தெரியவில்லை. ஏன் ஆடினார்கள் என்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது. விரும்பி ஆடியவர்கள் நன்றாக இருந்தார்கள். ஆடியே தீரவேண்டும் என்ற உந்துதலில் ஆடியவர்கள் அப்படி இல்லை. நாமோ கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மறைத்து ஆடுவதன் விலை

மரியாதை இல்லாத பொழுதுபோக்கு மறைவுக்குப் போகும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பதிமூன்று வயதுப் பையனிடம் கேமில் பழகிய ஒருவன், “ஒன்னோட ஐடியை ஏத்திவிடுறேன், ஓடிபி மட்டும் சொல்லு” என்கிறான். அல்லது போட்டோ கேட்கிறான். பையனுக்கு ஏதோ சரியில்லை என்று புரிகிறது. அம்மாவிடம் சொல்லலாமா? சொன்னால் முதல் கேள்வி, “உன்னை யார் அதை ஆடச் சொன்னது?” அடுத்த நிமிடம் போன் பீரோவுக்குள் போகும். அதனால் அவன் வாயைத் திறப்பதில்லை. அவனை அந்த மோசக்காரனிடம் தனியாக விட்டது யார்? அவன் ஆட்டத்தை மதிக்காத நாம்தான்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். ஆண் பெயரில் ஐடி வைத்துக்கொள்கிறார்கள். மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள். குரல் கேட்டால் வசவு வருகிறது, அல்லது வழிசல். வீட்டில் சொன்னால், “பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?” என்று அங்கேயும் அடி. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலிருந்து வந்த பாயல் தாரே, பல லட்சம் பேர் பார்க்கிற கேம் ஆட்டக்காரராக வளர்ந்திருக்கிறார். 2024 ஏப்ரலில் பிரதமர் சந்தித்த கேமர்களில் ஒரே பெண் அவர்தான். அந்த ‘ஒரே’ என்பதே இங்குள்ள நிலையைச் சொல்லிவிடுகிறது. கேமுக்குள் பெண்ணை ஏசுகிறவன், தெருவில் ஏசுகிறவனைப் போலவே கண்டிக்கப்பட வேண்டியவன். ஆட்டம் மரியாதையானது என்று நாம் ஒப்புக்கொண்டால்தான் அதற்குள் மரியாதையாக நடந்துகொள் என்று கேட்க முடியும்.

அரசே மணியடித்து நிறுத்தினால் என்ன? சீனா அதைச் செய்கிறது. 2021 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே அனுமதி. தென்கொரியா 2011-ல் நள்ளிரவுத் தடை போட்டது. பத்தாண்டுக்குப் பிறகு, இது குடும்பம் முடிவு செய்ய வேண்டியது என்று அதை நீக்கிவிட்டது. கொரியா வந்து சேர்ந்த இடமே சரி என்பது என் கருத்து.

இட்லித் தட்டுக்குள் ஒரு கேம்

கேம் என்றாலே சுடுவதுதான் என்று நினைப்பவர்கள் ‘வெண்பா’வை ஆடிப் பார்க்க வேண்டும். டொராண்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023-ல் வெளியிட்டது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன தமிழ்த் தம்பதி வெண்பாவும் பாவலனும்; அங்கே பிறந்த மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் மசி கலைந்தும் கிடக்கிறது. விடுபட்டதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும், புட்டுக் குழாயில் எது முதலில் போக வேண்டும், இவைதான் புதிர்கள். தமிழில் பேசக் கூச்சப்படும் மகனுக்கும் தாய்க்கும் நடுவே விழுகிற இடைவெளிதான் கதை.

2024-ல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேமாக ‘வெண்பா’ தேர்வானது. அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் சுயாதீன கேம் விழாவில் முதல் பரிசும் அதற்கே. ஒரு தமிழ்த் தாயின் அடுப்படிக்கு உலகம் தந்த இந்த மரியாதையில் பத்தில் ஒரு பங்கு பேச்சுகூட தமிழ்நாட்டில் எழவில்லை. கேம் செய்கிறவரையும் எழுத்தாளர், இயக்குநர் வரிசையில் வைத்துப் பேச நாம் இன்னும் பழகவில்லை.

வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் வீடுகளில் இன்னொரு காட்சியையும் பார்க்கலாம். நவி மும்பையில் செய்யப்பட்ட லூடோ கிங்கில், துபாயில் இருக்கும் மகனும் இங்கிருக்கும் அம்மாவும் காய் நகர்த்துகிறார்கள். “சாப்பிட்டியா” என்று கேட்டு முடித்த பிறகு பேச ஒன்றும் இல்லாமல் தவிக்கிற வீடியோ காலைவிட, “என் காயை வெட்டிட்டியேடா பாவி” என்ற சண்டையில் நெருக்கம் அதிகம்.

மரியாதை என்றால் என்ன செய்வது?

இஷ்டத்துக்கு ஆடட்டும் என்று விடுவது மரியாதை ஆகாது. கிரிக்கெட் ஆடும் பையனையும் இருட்டினால் வீட்டுக்குள் கூப்பிடுகிறோம். இரவு பத்துக்கு மேல் வீட்டில் யார் போனும் படுக்கைக்கு வரக் கூடாது, அப்பா போன் உட்பட. பரீட்சை நாளில் ஆட்டம் இல்லை. இவற்றை முன்கூட்டியே பேசி வைத்தால் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பேசாமல் பிடுங்குவதுதான் சிக்கல். பிஜிஎம்ஐயில் ஒரு மேட்ச் ஏறக்குறைய அரை மணி. நான்கு பேர் சேர்ந்தது ஒரு ஸ்குவாட். நடுவில் போனைப் பறித்தால் மற்ற மூவரை அவன் கைவிட்டதாக ஆகிறது. “இந்த மேட்ச் முடிஞ்சதும் வந்துடு” என்று சொல்லிப் பாருங்கள். கேரம் ஆடும் பிள்ளையிடம் “இந்த போர்டு முடிச்சிட்டு வா” என்று சொல்கிற அதே பேச்சுதான்.

ஆடுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. எதிரணியின் அம்மாவை இழுத்துத் திட்டுவதை நிறுத்துங்கள். பெண் குரல் கேட்டால் ஆட்டத்தைக் கவனியுங்கள். தம்பி தங்கைக்கும் ஒரு கை கொடுங்கள். பள்ளிகளும் கல்லூரிகளும் ஆண்டு விழாவில் செஸ், கேரம் பக்கத்தில் ஒரு கேம் போட்டியைச் சேர்க்கலாம். ஆசிரியர் முன்னால், விளக்கு வெளிச்சத்தில், பெண்களும் சேர்ந்து ஆடட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு உங்கள் பிள்ளை ஆடும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். “உன் ஸ்குவாட்ல யார் யாரு, எந்த ஊரு?” என்று கேளுங்கள். பிள்ளை சொல்கிற பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரமும் விசாரியுங்கள்.